அக்காவின் தலையைத் திறக்காமல் விட்ட கதை

என் அக்கா சிரித்தால் பக்கத்து வீட்டார் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். அப்படியொரு சிரிப்பு அவளுக்கு. அதே அக்கா மத்தியானத்தில் அழுதாலும் எட்டிப் பார்ப்பார்கள். மலாக்காவில் காஜா பெராங் சாலையை ஒட்டி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்த எங்கள் வாடகை வீட்டில் எதையும் ரகசியமாகச் செய்துவிட முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் எங்கள் அம்மா "நூறு" என்பாள்.

அப்பா அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, ஊசி போடுவது எல்லாம் அவர் வேலை. உலகச் சண்டைக்கு முன்னால் ஒரு ரப்பர் தோட்டத்தில் அதே வேலையைப் பார்த்தவர். ஜப்பான்காரன் ஆட்சியில் தோட்டத்து ஆட்களைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனபோது, மருந்துப் பெட்டியோடு இவரையும் ஏற்றிவிட்டார்கள். நான் அப்போது கைக்குழந்தை. அம்மாவால் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிழைக்க முடியவில்லை. அக்காவைத் தூரத்து உறவு ஒன்றின் வீட்டில் விட்டுவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். "பத்து நாள்ல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், சண்டை முடிந்த பிறகுதான் திரும்பிப் போய் அவளை அழைத்து வந்தாள். அந்த வீட்டில் அக்காவுக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்பா எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வந்ததே பெரிய விஷயம் என்று அந்தக் காலத்தைப் பற்றிய பேச்சை எல்லாரும் ஒரேயடியாக விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அறிந்த அக்கா எப்படிப்பட்டவள் என்றால், அவளுக்கு எதிலும் நடுப்பகுதி கிடையாது. ஒருவரைப் பிடித்துவிட்டால் அவர் தெய்வம். அந்தத் தெய்வம் ஒருநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனால், பொழுது சாய்வதற்குள் துரோகி. அம்மா மீன் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போய்க் கொஞ்சம் தாமதமானால்கூட வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அம்மா கூடையோடு வந்து நின்றதும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள், மறு நிமிஷம் "எங்க போய்த் தொலைஞ்ச?" என்று தட்டைத் தூக்கி எறிவாள். தகரத் தட்டு. அம்மா பீங்கான் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

கோபமெல்லாம் வடிந்த பிறகு என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "உள்ள ஒண்ணுமே இல்லடி. ஆளு காலி பண்ணிட்டுப் போன வீடு மாதிரி இருக்கு" என்பாள். அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் அவளோடு வளர்ந்ததில் துன்பம்தான் அதிகம் என்று நான் சொன்னால் அது பொய். பெருநாள் சந்தைக்கு அவளோடு போனால் ஊரே நமக்காகக் கூடியிருப்பது போல இருக்கும். ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு என்று கிளம்பி, வழியில் யாருடனாவது பேச்சு வளர்ந்து, மணிக்கூண்டுப் பக்கம் சீவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு, சாமியைப் பார்க்காமலே வீடு திரும்புவோம். "பிள்ளையாருக்குத் தெரியும், நாம கிளம்புனது அவருக்காகத்தான்னு" என்பாள்.

அக்கா தைக்கப் போனது பக்கத்துக் குடியிருப்பான கம்போங்கில் இருந்த ஒரு செட்டி அம்மாள் வீட்டுக்கு. செட்டி என்றால் வட்டிக் கடைச் செட்டியார் இல்லை; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து இந்த மண்ணோடு கலந்துவிட்டவர்கள். விபூதி பூசி, மாரியம்மனைக் கும்பிட்டு, வீட்டில் மலாய் பேசுவார்கள். அந்த அம்மாள் மலாய்ப் பெண்கள் போடும் கெபாயா சட்டை தைப்பார். அக்காவின் கைவேகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கோபத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார். அக்கா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு வெளியே போனால் அவர் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருப்பார். திரும்பி வந்தால் "சூடா மாக்கான்?" என்று சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார்.

சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு எழுந்த காலத்தில் அக்காவுக்கு ஒருவன் மேல் ஆசை வந்தது. துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவன். நல்லவன்தான். ஆனால் அவளுடைய அன்பின் வேகத்தைத் தாங்கக்கூடிய ஆள் இல்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்தது என்று ஒருநாள் போய்விட்டான். சொல்லிவிட்டுத்தான் போனான். அவளுக்கு அது போதவில்லை.

அன்று மத்தியானம், மழை பெய்துகொண்டிருந்தபோது, அக்கா தன் உயிரை முடித்துக்கொள்ளப் பார்த்தாள். அம்மா சரியான நேரத்தில் பார்த்துவிட்டாள். எப்படி என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை, அவளும் விரும்பமாட்டாள். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஏற்றி, அப்பா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே கொண்டு போனோம். அப்பா வார்டு வாசலில் வெள்ளை உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். தன் மகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்பது கிட்டே வரும்வரை அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் சாகப் பார்ப்பது சட்டப்படி குற்றம். கண் விழித்த அக்காவின் கட்டிலருகே ஒரு மலாய்க்கார மாத்தா‑மாத்தா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரரைப் பார்த்ததும் அவளுக்கு வந்த கோபத்தில், கையிலிருந்த குழாய் பிடுங்கிக்கொள்ளாமல் போனது அதிர்ஷ்டம்.

"என்னைப் புடிச்சிட்டுப் போங்க! செத்தாத் தப்பு, இருந்தாலும் தப்பா?" என்று மலாயில் கத்தினாள்.

அவர் நடுவயதுக்காரர். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். "சாபார்லா, டிக்" என்றார். பொறு தங்கச்சி என்று அர்த்தம். பிறகு தன் பையிலிருந்து ரம்புத்தான் பழங்களை எடுத்து, ஒவ்வொன்றாக உரித்துத் தட்டில் வைத்தார். தன் மகளுக்காக வாங்கியதாம். "அவளும் இப்படித்தான் கத்துவா. பழத்தைக் கண்டா நிறுத்திடுவா" என்றார். அக்கா கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். நான் உள்ளே போனபோது இருவரும் எந்தக் கம்போங் ரம்புத்தான் இனிப்பு என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த இன்ஸ்பெக்டர் அப்பாவிடம் ஏதோ கண்டிப்பாகப் பேசிவிட்டு, வழக்கில்லாமல் விட்டுவிட்டார். அப்பா வார்டின் மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

உறவுக்காரர்கள் வந்தார்கள். "நடிக்கிறா" என்றார் ஒருவர். "பேய்" என்றார் இன்னொருவர். "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப்போயிடும்" என்பது பொதுத் தீர்ப்பு. அக்கா வீடு வந்தாள், தையலுக்குப் போனாள். சுதந்திரக் கொண்டாட்டத்துக்காக அந்தச் செட்டி அம்மாள் வீட்டில் கொடிகள் தைத்தபோது அத்தனை நட்சத்திரங்களையும் அக்காதான் வெட்டி ஒட்டினாள். அந்தச் சமயத்தில் அவள் முகத்தைப் பார்த்தவர்கள் இவளா அவள் என்று கேட்டிருப்பார்கள். ஆனால் அது நிற்கவில்லை. அடுத்து வந்த சில வருஷங்களில் மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் வீடு. வார்டில் எல்லாருக்கும் அவள் பெயர் தெரிந்துவிட்டது.

இதற்குள் நானும் பள்ளி முடித்து, அதே ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், வேலைக்குப் பயிற்சி எடுக்கச் சேர்ந்துவிட்டேன். பயிற்சி வகுப்பில் சுண்ணாம்பில் செய்த மூளை ஒன்று இருந்தது. பலாப்பழத்தைப் பிளப்பது போல அதைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். முன்பக்கம் யோசிப்பதற்கு, பின்பக்கம் பார்ப்பதற்கு, கீழே மூச்சு விடுவதற்கு என்று சிஸ்டர் கோலால் தொட்டுச் சொல்லிக்கொண்டே போவார். பயம் எங்கே என்று நான் கேட்டேன். அவர் உள்ளே ஆழத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, "சம்வேர் ஹியர்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் தன் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அதைக் கழற்றி வெளிய வெச்சிட்டு மறுபடியும் மாட்ட முடியுமாடி?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்டாளா, உண்மையாகக் கேட்டாளா என்று எனக்குப் புரியவில்லை.

கிட்டத்தட்ட அதைத்தான் ஒருவர் செய்யலாம் என்றார். வெளியூரிலிருந்து அவ்வப்போது வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு வெள்ளைக்கார நிபுணர். சீக்கிரம் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பப்போகிறவர். அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, மூளையின் முன்பகுதியையும் உள்பகுதியையும் இணைக்கிற நரம்புகளை வெட்டிவிட்டால் கொந்தளிப்பு அடங்கும், உயிருக்கு ஆபத்து வராது, தெற்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் செய்யலாம் என்றார். மனிதர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்தக் காலத்து மருத்துவம் அவர் கையில் கொடுத்திருந்த ஆயுதம் அது.

அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டிட்டா அவ உயிரோட இருப்பா" என்றார் அம்மாவிடம். "அது மட்டும் நிச்சயம்ங்கறாரு."

"எதை வெட்டுவாங்க?"

அப்பா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அம்மா அவர் தொட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் வார்டில் அப்போது ஒரு சீன அம்மாள் இருந்தார். பல வருஷத்துக்கு முன்னால் வேறெங்கோ அந்த அறுவையைச் செய்துகொண்டவர். நெஞ்சுச் சளிக்காக எங்களிடம் வந்திருந்தார். தொந்தரவே இல்லாத நோயாளி. கொடுத்ததைச் சாப்பிடுவார், போர்வையின் ஓரத்தை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் ஜொகூரிலிருந்து பார்க்க வந்தான். வளர்ந்த ஆண்பிள்ளை, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவர் அவனை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, போர்வையை மடிக்கத் தொடங்கினார். எல்லாருக்கும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லமாட்டேன். நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். ஆனால் அதை வீட்டில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் டாக்டர் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழர் குடும்பம், சிங்கப்பூரில் படித்தவர். மெலிந்த உருவம், கட்டம்போட்ட கைத்தறிச் சேலை, பெரிய மூக்குக் கண்ணாடி. அப்பா அவரிடம் போய் அறுவை பற்றிக் கேட்டார். நானும் கூட நின்றேன்.

"ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் ஓடல டாக்டர். என் பொண்ணு உயிரோட இருந்தாப் போதும்."

"சரி. அவவிட்ட ஆரும் கேட்டவையோ?"

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலையில் அக்காவை அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் எங்களை வெளியே அனுப்பவில்லை. ஆனால் எங்களைப் பார்த்துப் பேசவும் இல்லை; அக்காவின் முகத்தைப் பார்த்தே பேசினார். அந்த நிபுணர் சொன்னதை அப்படியே, ஒளிக்காமல், சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல இல்லாமல், எடுத்துச் சொன்னார்.

அக்கா கேட்டாள்: "அதுக்கப்புறம் அழுகை வராதா?"

"குறையலாம்."

"சிரிப்பு?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுவும் போகலாம். எனக்குத் தெரியேல்ல பிள்ளை. உள்ளுக்க எது எங்க இருக்கெண்டு ஒருத்தருக்கும் இன்னும் சரியாத் தெரியாது. தெரியாத இடத்தில கத்தி வைக்கிறதுக்கு நான் அவசரப்படமாட்டன்."

"அப்பன்னா வேணாம்" என்றாள் அக்கா. சட்டென்று சொல்லிவிட்டு, தானே ஆச்சரியப்பட்டது போல எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "வேணாம்ப்பா. சிரிப்பு போயிட்டா அப்புறம் எனக்கு என்னா இருக்கு?"

சாகவேண்டும் என்று அத்தனை முறை நினைத்தவள் தன்னிடம் காப்பாற்ற ஒன்று இருக்கிறது என்று சொன்னதை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். அப்பா தலையை ஆட்டினார்.

"சரி, தலையைத் திறக்கிறதுக்கு முதல் கொஞ்சம் கதைச்சுப் பார்ப்பம்" என்றார் டாக்டர். "வெள்ளிக்கிழமை விடிய இஞ்ச வாரும். அதே கதிரை, அதே நேரம். நான் வர ஏலாத நாளெண்டால் முன்கூட்டியே சொல்லுவன்."

சொன்னபடியே செய்தார். வாராவாரம் அக்கா போனாள். சில வாரம் பேசினாள். சில வாரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள். ஒருமுறை டாக்டரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்து, இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றாள். மறு வெள்ளிக்கிழமை போனால், அதே நாற்காலி அங்கே இருந்தது. டாக்டர், "வந்திட்டீரோ, இரும்" என்றாராம். அக்காவுக்கு அது பெரிய அதிசயம். திட்டின பிறகும் ஒருவர் அதே இடத்தில் இருக்கிறார் என்பது.

எங்களுக்கும் அவர் சொல்லிக்கொடுத்தார். அவள் சாக வேண்டும் என்று சொன்னால் திட்டாதீர்கள், நடிப்பு என்று சொல்லாதீர்கள், தனியே விடாதீர்கள். வீட்டில் ஆபத்தான பொருள்களைக் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். புத்தி சொல்ல வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும், அலை ஏறினால் இறங்கத்தான் வேண்டும். அக்காவிடம் அவர் வாங்கிய வாக்கு ஒன்றே ஒன்று. "செய்யாதையும். வாயால சொல்லும். ஆரிட்டயாவது சொல்லும்."

அந்த வாக்குக்குச் சோதனை வந்தது, டாக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனபோது. மாதக்கணக்கில் முன்னாடியே சொல்லித் தயார் செய்திருந்தார்; இன்னொரு டாக்டரிடம் அவளை அழைத்துப் போய் அறிமுகமும் செய்துவைத்தார். அப்படியும் அவர் ஊரைவிட்டுக் கிளம்பிய வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை நான் இரவு வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா பின்கட்டில் குழாயடியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நல்ல கெம்பூங் மீன், ஊரில் கானாங்கெளுத்தி என்பார்களே அது, அப்பா சம்பளம் வாங்கிய சந்தோஷத்தில் வாங்கி வந்தது. அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா. சாகணும் போல இருக்கும்மா."

அம்மாவின் கை நின்றது. முன்பெல்லாம் என்றால் அலறியிருப்பாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு "என் வயித்துல வந்து பொறந்தியே" என்றிருப்பாள். அன்று கத்தியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அக்காவின் பக்கத்தில் நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள்.

"சரி. சொல்லிட்டல்ல. நான் இங்கதான் இருக்கேன்."

"மீன் கெட்டுப்போயிடும்."

"கெட்டா கெடட்டும்."

அக்கா அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து, அம்மா மெல்லிய குரலில், "அன்னைக்கு உன்னை அங்க வுட்டுட்டுப் போனேன் பாரு. பத்து நாளுன்னு சொன்னேன். என்னால வர முடியல. நான் வந்திருக்கணும்" என்றாள். அந்தக் காலத்தைப் பற்றி அம்மா வாய் திறந்தது அன்றுதான். அக்கா தலையை அவள் மடியில் சாய்த்துக்கொண்டாள். அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். அது அவர்கள் இருவருக்குமானது. நான் எழுந்து போய்த் தேநீர் கலக்கினேன்.

நான் கோப்பைகளோடு திரும்பியபோது அக்கம்பக்கத்துப் பூனைகள் மூன்று குழாயடியில் விருந்து நடத்திக்கொண்டிருந்தன. முதலில் பார்த்தது அக்காதான்.

"அம்மா, மீனு!"

"தின்னட்டும்டி, நாம என்னைக்கு அதுங்களுக்கு விருந்து வெச்சோம், இன்னைக்காவது தின்னட்டும்" என்றாள் அம்மா, அழுத மூக்கோடு. அக்கா சிரித்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அன்று மத்தியானம் சோற்றுக்கு முட்டைப் பொரியலும் மிளகாய் அரைத்த சம்பாலும். அப்பா சாப்பிட வந்து மீன் எங்கே என்று கேட்டார். மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் அவர் மறுபடி கேட்கவில்லை.

அதன் பிறகு அக்கா ஆஸ்பத்திரியில் அந்தக் காரணத்துக்காகப் படுக்கவே இல்லை. அந்த எண்ணம் வராமல் இல்லை, வந்தது. வந்தபோதெல்லாம் யாரிடமாவது சொன்னாள். குளிர்ந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு சாலையோரம் நடப்பாள், கூட யாராவது போவோம். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நடந்து, கோயில் கோபுரம் தெரியும் இடத்தில் "சரி, திரும்பலாம்" என்பாள்.

அவளைக் கட்டிக்கொண்டவர் பஸ் ஓட்டியவர். டவுனுக்கும் புக்கிட் ரம்பாய்க்கும் போய் வருகிற பஸ். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை, அதிகம் பேசாதவர். பெண் பார்க்க வந்த அன்றே அக்கா அவரிடம், "நான் கத்துவேன். சாமான தூக்கி எறிவேன். சாகணும்னுகூட நெனச்சிருக்கேன். எல்லாத்தையும் இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். அம்மா திரைக்குப் பின்னால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நான் விடிஞ்சா பஸ் எடுக்கப் போயிடுவேன். சாயங்காலம் வந்துடுவேன். தினமும் அப்படித்தான். அது உனக்கு ஒத்து வருமா?" என்றார்.

கல்யாணமான புதிதில் அவர் கிளம்பும்போதெல்லாம் அக்கா வாசலிலேயே நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பஸ் எங்கள் பக்கம் வரும்போது அவர் அவளுக்காகவே ஹார்ன் அடிப்பார். தாங்க முடியாத நாளில் அக்கா போய் அந்தப் பஸ்ஸிலேயே ஏறி உட்கார்ந்துகொள்வாள். புக்கிட் ரம்பாய் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். கண்டக்டர் அவளிடம் சீட்டு கேட்பதை நிறுத்திவிட்டார். சில வருஷங்களில் அவள் ஏறுவது குறைந்தது. பிறகு ஹார்ன் சத்தம் கேட்டால் தையல் மெஷினில் இருந்தபடியே, "ம்ம், போறாரு" என்று மட்டும் சொல்வாள். நாற்பது வயதைத் தாண்டியபோது அந்தப் பழைய கொந்தளிப்பு அவளிடம் எங்கே போனது என்று நாங்களே தேடவேண்டியிருந்தது. ஒரு பையனைப் பெற்றாள். அவனைத் திட்டுவாள், ஆனால் எங்கேயாவது போனால் எப்போது வருவேன் என்று சொல்லாமல் அவனை விட்டுப் போனதே இல்லை.

நான் பின்னாளில் மனநல வார்டில்தான் அதிக காலம் வேலை பார்த்தேன். அக்காவைப் போன்ற பெண்களை, சில ஆண்களையும், நிறையப் பார்த்தேன். அந்தக் கோளாறுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. பார்டர்லைன் பெர்சனாலிட்டி என்கிறார்கள். மண்டையைத் திறக்காமலே மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்த பிறகு, டாக்டர்கள் அவர்கள் மூளையையும் பார்த்தார்கள். அபாயத்தை மோப்பம் பிடிக்கும் பாதாம் பருப்பு அளவு பகுதி, நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதி, நெற்றிக்குப் பின்னால் பிரேக் பிடிக்கும் பகுதி, இவற்றின் அளவிலும் இணைப்பிலும் நுணுக்கமான வேறுபாடுகள் சிலரிடம் தென்படுகின்றன என்றும், சாக முயன்றவர்களிடம் எது வேறுபடுகிறது என்று தேடுகிறார்கள் என்றும் பயிற்சிகளில் சொன்னார்கள். நான் கையை உயர்த்தி, ஒருவருடைய படத்தை வைத்து அவர் என்ன செய்வார் என்று சொல்ல முடியுமா என்று கேட்டேன். முடியாது, பலபேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வேறுபாடே தெரிகிறது என்றார் பாடம் எடுத்தவர். சின்ன வயதில் பட்ட அடி மூளையில் தங்கலாம். பிறகு கிடைக்கும் கவனிப்பில் அது மாறவும் செய்யலாம் என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது தலை நரைத்துவிட்டது.

"அப்பன்னா நான் நடிக்கல" என்றாள்.

"யாரு சொன்னா நடிச்சேன்னு?"

"சொன்னாங்க. ஒனக்கும் தெரியும்." கொஞ்ச நேரம் தைத்தாள். "அந்தப் பாதாம் பருப்பு எனக்குக் கொஞ்சம் கெட்டியா வறுபட்டிருக்கும் போல." சிரித்துக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள்.

அத்தான் முதுமையில், தூக்கத்திலேயே, அமைதியாகப் போனார். நாங்கள் எல்லாரும் பயந்தோம். அவள் மகன் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வந்து கூடவே இருந்தான். நான் அவள் பக்கத்திலேயே படுத்தேன். அக்கா அழுதாள், புருஷனை இழந்தவர்கள் அழுவது போல. சாப்பாடு மறுத்தாள், பிறகு சாப்பிட்டாள். ஒருநாள் என்னைத் தட்டி, "என்னை எதுக்குடி இப்படிப் பார்த்துக்கிட்டே இருக்க? அப்படி வந்தா நான்தான் சொல்லுவேனே" என்றாள்.

இப்போது நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவளுக்கு எண்பதைத் தாண்டியாயிற்று. இன்று காலை காய்கறி விற்க வரும் வேன்காரர் கொண்டுவந்த கங்கோங் கீரை வாடியிருக்கிறது என்று அவரோடு வாசலில் பெரிய சண்டை. அவர் சீன மொழியில் கத்த, இவள் மலாயிலும் தமிழிலும் கத்த, கடைசியில் அவர் ஒரு கட்டுக் கீரையை இனாமாகக் கொடுத்துவிட்டு, நாளைக்கும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா கீரையைத் தூக்கிக்கொண்டு வெற்றியோடு உள்ளே வந்தாள். அதை நெத்திலி போட்டு வதக்கினோம். நன்றாகத்தான் இருந்தது.